வெளிச்சமான படம், முகமில்லாத ஆள்

எதிர்ச்சாரி அண்ணாச்சியின் பலசரக்குக் கடை வாசலில் ராத்திரி அடுக்கி வைத்திருந்த காலித் தண்ணீர் கேன்களில் இரண்டைக் காணவில்லை. இருபது லிட்டர் கேன். பெரிய களவு என்று சொல்ல முடியாது. ஆனால் கேனுக்குக் கட்டிய டெபாசிட் பணம் போனது போனதுதான். என் வீட்டு கேட்டுக்கு மேலே இருக்கும் கேமரா அந்த வாசலைப் பார்த்தபடிதான் இருக்கிறது. விடிந்ததும் அண்ணாச்சி வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பதிவை ஓட்டினோம். 2 மணி 47 நிமிடம். தெரு பகல் மாதிரி இருந்தது. கடையின் ஷட்டர் கதவு, அதில் எழுதிய எழுத்து, திண்ணையில் படுத்திருந்த நாயின் காது வரை துல்லியம். அப்புறம் இடது பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு இழுப்பு வந்தது. வந்தது, குனிந்தது, இரண்டு கேனோடு வலது பக்கமாகப் போயே போய்விட்டது. தலை இருந்தது, முகம் இல்லை. நடந்த வழியெல்லாம் பின்னாலேயே மங்கலாக ஒரு வால்.

"நாய் தெரியுது, கதவு தெரியுது. களவாண்டவன் மட்டும் தெரியல. பேய் மாதிரில்லா இருக்கு வே" என்றார் அண்ணாச்சி.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தவன் நான். இந்தப் படம் ஏன் இப்படி வந்தது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிலிம் காலத்தில் நெல்லையப்பர் கோயில் ராத்திரிச் சப்பரத்தைப் படம் எடுக்கப் போவேன். 400 ஏஎஸ்ஏ பிலிம், இருக்கிற விளக்கு வெளிச்சம். ஷட்டரை முப்பதில் ஒரு பங்கு வினாடிக்கு வைத்தால் படம் நல்ல வெளிச்சமாக விழும். ஆனால் தூக்குகிறவர்களின் முகமெல்லாம் இழுபட்டுப் போயிருக்கும். நூற்றி இருபத்தைந்தில் வைத்தால் முகம் நிற்கும், படம் கறுத்துவிடும். இந்த இழுபறியோடு பாதி ஆயுளைக் கழித்த எனக்கு, சுவரில் மாட்டிய கேமராவுக்கும் ஷட்டர் உண்டு என்கிற ஞாபகமே வரவில்லை. டிவி மாதிரி அது ஒரு சாமான், போட்டால் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

கேமரா போட்ட தம்பிக்குப் போன் செய்தேன். "எஃப்பிஎஸ் பதினஞ்சுல இருக்கும் சார், இருபத்தஞ்சு ஆக்கிடுங்க, சரியாயிடும்" என்றார். பெரும்பாலானவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். எஃப்பிஎஸ் என்பது வினாடிக்கு எத்தனை படம் என்கிற கணக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது வேறு கணக்கு. இழுபட்ட படம் பதினைந்து இருந்த இடத்தில் இழுபட்ட படம் இருபத்தைந்து கிடைக்கும், அவ்வளவுதான்.

தானியங்கியில் விட்டால் ராத்திரியில் கேமரா வெளிச்சத்துக்காக ஷட்டரை முடிந்த மட்டும் திறந்து வைக்கும். நம் ஊர் கேமராக்களில் அது வழக்கமாக 1/25 வினாடி. சாதாரணமாக நடக்கிறவர் வினாடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் நகர்வார். அந்த இருபத்தைந்தில் ஒரு பங்கு வினாடிக்குள் அவர் முகம் 5.6 சென்டிமீட்டர் தள்ளிப்போயிருக்கும். முக அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஓடுகிறவர் என்றால் 20 சென்டிமீட்டர். கண் இருந்த இடத்தில் காதும் காது இருந்த இடத்தில் தெருவும் சேர்ந்து பதிவாகும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக் 33 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பைக்கின் பின்பக்க நம்பர் பிளேட்டே 20 சென்டிமீட்டர் நீளம்தான். எண் எப்படித் தெரியும்? நாய் மட்டும் ஏன் தெளிவாக விழுந்தது என்றால், அது தூங்கிக்கொண்டிருந்தது.

ஃபிளாஷ் மாதிரி கேமராவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு இருக்கிறதே, அது ஆளை நிறுத்திப் பிடிக்காதா என்று ஒரு பழைய ஸ்டுடியோ நண்பர் கேட்டார். பிடிக்காது. ஃபிளாஷ் ஒரு கணம் மின்னி அணைகிறது; அந்தக் கணம்தான் அசைவை உறைய வைக்கிறது. ஐஆர் விடிய விடிய எரிகிற விளக்கு. வெளிச்சம் தரும், உறைய வைக்காது.

அன்று ராத்திரியே மெனுவைத் திறந்து உட்கார்ந்தேன். என்னிடம் இருந்தவை நான்கும் டிவிஆர் என்கிற பதிவுப் பெட்டியில் சேர்ந்த 2 மெகாபிக்சல் அனலாக் கேமராக்கள். இவற்றின் சொந்த மெனு டிவிஆரின் முதல் பக்கத்தில் இருக்காது. பிடிஇசட் என்கிற பகுதிக்குள் போய் மெனுவை அழைத்தால் திரையில் வந்து நிற்கும். அங்கே வெளிச்சம், காண்ட்ராஸ்ட், பிஎல்சி, டபிள்யூடிஆர், நாய்ஸ் ரிடக்‌ஷன் எல்லாம் இருந்தன. ஷட்டர் வேகம் மட்டும் இல்லை. விலை குறைந்த கேமராக்களில் பலவும் அப்படித்தான். வாங்குகிறபோது மெகாபிக்சலைக் கேட்கிறோம், ராத்திரியில் எத்தனை மீட்டர் தெரியும் என்று கேட்கிறோம். ஷட்டரைக் கையால் மாற்ற முடியுமா என்று கேட்பதில்லை. இனிமேல் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

ஷட்டர் இல்லாவிட்டாலும் இரண்டு விஷயம் கையில் கிடைத்தது. ஒன்று, நாய்ஸ் ரிடக்‌ஷன். படத்தில் ஈ மொய்த்த மாதிரி வருகிற புள்ளிகளைத் துடைக்க, முந்தின சில படங்களையும் இந்தப் படத்தையும் கலந்து சராசரி எடுக்கிற வேலை அது. அசையாத சுவருக்கு அது வரம். அசைகிற ஆளுக்கு, போன கணத்தில் நின்ற இடமும் இந்தக் கணத்தில் நிற்கிற இடமும் ஒன்றாகக் குழைந்துவிடும். நாங்கள் பார்த்த அந்த வால் பாதி இதனால் வந்ததுதான். நூற்றுக்கு ஐம்பதில் இருந்ததை இருபதுக்குக் குறைத்தேன். புள்ளி கூடியது, வால் சுருங்கியது. இரண்டாவது டபிள்யூடிஆர். நிஜமான டபிள்யூடிஆர் என்றால் நீளமான ஒரு ஷட்டரும் குட்டையான ஒரு ஷட்டருமாக எடுத்து ஒட்டுகிற வேலை. நகர்கிற ஆள் இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருப்பான். பகலில் வாசல் வெயிலுக்கு நல்லது, ராத்திரிக்கு அணைத்துவிட வேண்டும். ஸ்லோ ஷட்டர், சென்ஸ்-அப் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அதையும் அணைக்க வேண்டும். கடையில் காட்டுகிற 'இருட்டிலும் கலர்' படங்களில் பலவற்றின் ரகசியம் அந்த நீண்ட ஷட்டர்தான். அந்த மாதிரிப் படத்தில் ஆள் யாரும் நடக்கமாட்டார், கவனித்துப் பாருங்கள்.

கேட்டுக்கு மட்டும், ஷட்டரைக் கையால் வைக்க முடிகிற 4 மெகாபிக்சல் ஐபி கேமரா ஒன்றை வாங்கினேன். என் டிவிஆர் ஐபி கேமராவையும் சேர்த்துக்கொள்கிற ரகம் என்பதால் பெட்டியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. எக்ஸ்போஷரை மேனுவலுக்கு மாற்றி ஷட்டரை 1/100 ஆக்கினேன். 1/25-இலிருந்து 1/100 என்றால் வெளிச்சம் நாலில் ஒரு பங்கு. திரை கறுத்தது. பின்னால் நின்று பார்த்த என் மனைவி, "காசு குடுத்து வாங்கினது இதைவிட இருட்டால்ல இருக்கு? பழையதே இருந்திருக்கலாம்" என்றாள்.

யார் பார்த்தாலும் அதையேதான் சொல்வார்கள். வெறும் தெருவைப் பார்த்துப் படத்துக்கு மார்க் போட்டால் பழைய கேமராதான் ஜெயிக்கும். அதனால் ஆளை நடக்கவிட்டுப் பார்க்காமல் எந்த செட்டிங்கையும் முடிவு செய்யக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். நடக்க ஆள்? அண்ணாச்சி தயாராக இருந்தார். கடையைச் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பத்தரை மணிக்கு இரண்டு காலி கேனோடு இடமிருந்து வலமாக நடந்தார். அப்புறம் ஓடினார். தெருநாய்கள் எல்லாம் சேர்ந்து துரத்தின. மாடியிலிருந்து யாரோ டார்ச் அடித்து "யாருலே அது?" என்று அதட்டினார்கள். மூச்சு வாங்க வந்து, "என் கேனை நானே களவாங்க வேண்டியிருக்கு பாரும்" என்றார்.

பதிவில் அவர் முகம் நின்றது. கறுப்பாக, புள்ளி புள்ளியாக, ஆனால் மூக்கு மூக்காகவும் மீசை மீசையாகவும் இருந்தது.

இருட்டுக்கு அடுத்த வழி கெயின். உள்ளே வந்த சொற்ப வெளிச்சத்தை மின்னணுவியலில் பெருக்குகிற வேலை. பிலிமில் ஏஎஸ்ஏ கூடினால் மணல் மாதிரிப் பொரி தெரியுமே, அதேதான் இங்கேயும். கெயினை முழுக்கத் திறந்துவிட்டால் ஆள் மணலுக்குள் புதைந்துவிடுவான். நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டாதபடி எல்லை வைத்தேன். மீதியை விளக்கால்தான் ஈடுகட்ட வேண்டும். செட்டிங் என்று எதை எதையோ நோண்டுகிறோம். இதில் முக்கால்வாசி வேலை விளக்கு வேலை.

முதலில் இருக்கிற ஐஆர் வெளிச்சம் எங்கே போகிறது என்று பார்த்தேன். கேமராவை மழைக்குப் பயந்து சன்ஷேடுக்கு அடியில், வெள்ளை அடித்த சுவரை ஒட்டி மாட்டியிருந்தார்கள். படத்தின் ஓரத்தில் சுவர் கொஞ்சம் விழுந்தது. பகலில் அது ஒரு குறையாகவே தெரியாது. ராத்திரியில் ஒரு முழம் தள்ளி இருக்கிற அந்தச் சுவரில் ஐஆர் பட்டு நேரே திரும்பி லென்ஸுக்குள் அடிக்கும். ஏகப்பட்ட வெளிச்சம் இருக்கிறதே என்று கேமரா தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும், தெரு இருண்டுபோகும். ஏணி போட்டு ஏறிக் கேமராவை நாலு விரற்கடை திருப்பினேன். சுவர் படத்தை விட்டு வெளியே போனது, தெரு ஒரு படி வெளிச்சமானது. காசு செலவில்லாமல் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அதுதான்.

ஏணியில் ஏறினதில் இன்னொன்றும் தெரிந்தது. லென்ஸுக்குக் குறுக்கே சிலந்தி வலை. கண்ணுக்கு ஒரு இழைதான், ஐஆருக்கு அது வெள்ளைக் கயிறு. காற்றில் ஆடும்போதெல்லாம் மோஷன் அலாரமும் அடித்துக்கொண்டிருந்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒட்டடைக் குச்சியில் மெல்லிய துணி சுற்றித் துடைக்கிறேன். குவிந்த கண்ணாடி மூடிய டோம் கேமரா என்றால் கைரேகை பட்டால்கூட ராத்திரியில் பனி மூடின மாதிரி வரும்.

தூரத்துக்கு வெளிச்சம் போவதிலும் ஒரு கணக்கு உண்டு. ஐந்து மீட்டரில் விழுகிற வெளிச்சம் பத்து மீட்டரில் பாதியாகக் குறைவதில்லை, நாலில் ஒன்றாகக் குறைகிறது. ஆகவே பெட்டியில் 'முப்பது மீட்டர்' என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் ஏதோ ஒன்று அசைகிறது என்று தெரியும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முகத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. நான் கேட் தூணில் 9 வாட் எல்இடி பல்பு ஒன்று போட்டேன். ராத்திரி பன்னிரண்டு மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூன்றேகால் யூனிட்தான். பல்பைக் கேமராவுக்குப் பக்கத்தில் போடாமல் இரண்டு மீட்டர் தள்ளிப் போட வேண்டும். மழை பெய்த மறுநாள் ஈசல் மொய்க்கும். ஈசலைத் தேடிப் பல்லி வரும். இவை எல்லாம் லென்ஸுக்கு முன்னால் நடந்தால் ராத்திரி முழுக்கப் பதிவானது பல்லியின் வயிறாகத்தான் இருக்கும். தள்ளிப் போட்டதில் இன்னொரு வசதி, முகத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழுகிறது. கேமராவிலிருந்தே அடிக்கிற ஐஆரில் கிட்டே வருகிற முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துவிடும். அதற்கு ஸ்மார்ட் ஐஆர் என்று ஒரு தேர்வு உண்டு. ஆள் நெருங்கினால் விளக்கைத் தானே தணிக்கும். அது அணைந்திருந்தால் போட்டுவையுங்கள்.

வெளிச்சம் கிடைத்த தெம்பில் ஷட்டரை 1/250 ஆக்கிப் பார்த்தேன். பைக் நம்பர் கிடைக்குமே என்கிற ஆசை. படத்தில் இருட்டுப் பட்டைகள் மேலும் கீழும் உருள ஆரம்பித்தன. காரணம் தெருவிளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விலை மலிந்த எல்இடி விளக்குகள் அதன் தாளத்தில் வினாடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, அதைவிடக் குட்டையான ஷட்டருக்குத் தெரியும். 1/100, 1/50, 1/25 ஆகிய வேகங்களில் அந்தத் துடிப்பு முழு எண்ணிக்கையில் அடங்கிவிடுவதால் பட்டை வராது. கேமரா என்டிஎஸ்சி என்றோ 60 ஹெர்ட்ஸ் என்றோ இருந்தால் 1/120, 1/60 என்று போய் மறுபடி மினுக்கும். நமக்கு வேண்டியது பிஏஎல் (PAL), 50 ஹெர்ட்ஸ். நான் 1/100-க்கே திரும்பிவிட்டேன். ஓடுகிற பைக்கின் நம்பர் இந்தக் கேமராவில் கிடைக்காது. அந்த வேலைக்கென்று தனியாக, சாலையின் நெடுக்குவாட்டில் பார்க்கிற, குறுகிய கோணக் கேமரா வேண்டும். ஒரே கேமராவில் தெரு முழுக்கவும் வேண்டும், முகமும் வேண்டும், நம்பரும் வேண்டும் என்றால் மூன்றும் கிடைக்காது.

கோணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீடுகளில் போடுவது பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். தெருவின் இந்த முனை முதல் அந்த முனை வரை தெரியும் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். அறிமுகமில்லாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல் தேவை என்பது கேமராத் துறையில் பரவலாகப் புழங்குகிற கணக்கு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல்; அப்படியானால் 7.7 மீட்டர் அகலத்துக்கு மேல் காட்சி விரியக் கூடாது. 2.8 லென்ஸில் அந்த அகலம் மூன்று மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். 6 மில்லிமீட்டர் என்றால் ஏழு மீட்டருக்கு மேல் தாங்கும். அண்ணாச்சி கடை வாசல் என் கேட்டிலிருந்து ஏழு மீட்டர். கேட் கேமராவுக்கு 6 மில்லிமீட்டர்தான் எடுத்தேன். கூடவே பதினான்கு அடி உயரத்திலிருந்து ஒன்பது அடிக்கு இறக்கினேன். மேலிருந்து பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் உச்சந்தலைதான். முடிந்தால் ஆள் கேமராவைக் குறுக்காகக் கடக்காமல் எதிரே வருகிற மாதிரிப் பார்வையை வையுங்கள். அதே ஷட்டரில் அதே நடைக்கு இழுப்பு பாதிகூட இருக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குழப்பம். நேரலையில் பார்த்தால் தெளிவு, பதிவை ஓட்டினால் கட்டம் கட்டமாகக் குழைகிறது. இரண்டு காரணம். போனில் பார்ப்பது சப் ஸ்ட்ரீம் என்கிற சிறிய படம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, மெயின் ஸ்ட்ரீமை டிவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் குழைந்தால் பிட்ரேட் போதவில்லை என்று அர்த்தம். ராத்திரியில் புள்ளிகள் அதிகம்; கேமராவுக்குப் புள்ளியும் அசைவுதான். கொடுத்த பிட்டை எல்லாம் புள்ளிகளைப் பதிவதிலேயே செலவழித்துவிட்டு, ஆள் வரும்போது கையை விரிக்கும். கேட் கேமராவை 1024 கேபிபிஎஸ்-இலிருந்து 4096 ஆக்கினேன். முழுப் படமாகப் பதிகிற ஐ-ஃபிரேம்களின் இடைவெளியை ஐம்பதிலிருந்து இருபத்தைந்துக்குக் குறைத்தேன்.

இதற்கு ஹார்டுடிஸ்க்கில் விலை உண்டு. 4 எம்பிபிஎஸ் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 43 ஜிபி. மற்ற மூன்றும் ஒன்றில் ஓடுவதால் மூன்றும் சேர்ந்து 32 ஜிபி. முன்பு இருபத்துமூன்று நாள் நின்ற பதிவு, ஒரு டிபி டிஸ்க்கில் இப்போது பதின்மூன்று நாளில் அழிந்து மேலெழுதப்படுகிறது. அடையாளம் தெரியாத இருபத்துமூன்று நாளைவிட முகம் தெரிகிற பதின்மூன்று நாள் தேவலை என்று விட்டுவிட்டேன்.

மாடிப்படிக் கேமரா ராத்திரியில் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது தனிக் கதை. கேமரா கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஐஆர் விளக்கு எரியும்போது கேமரா அதிக மின்சாரம் இழுக்கும். நீளமான மலிவு 3+1 கேபிளில் 12 வோல்ட் போய்ச் சேருவதற்குள் இறங்கிவிடும். பகலில் ஓடும், இருட்டினால் விழும். படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அடாப்டர் போட்டதும் சரியானது. அதோடு டிவிஆர் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் கேன் போனது 2 மணி 36-க்கு. எதிர்மாடி ஜன்னல் படத்தில் விழுந்ததால் பிரைவசி மாஸ்க் போட்டுக் கறுப்புக் கட்டத்தால் மறைத்தேன். டார்ச் அடித்தவர்கள் வீடுதான் அது.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கேன் மறுபடி இரண்டு போயிற்று.

இந்தத் தடவை அண்ணாச்சி நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே பார்த்தார். நாயும் கதவும் முன்னைப்போல வெளிச்சமாக இல்லை. ஆனால் இடது பக்கத்திலிருந்து வந்தவன் ஆளாகவே வந்தான். பல்பு வெளிச்சம் பக்கவாட்டில் விழ, கேனைத் தூக்க நிமிர்ந்தபோது அவன் முகம் முழுதாகத் திரையில் நின்றது. பதினாறு, பதினேழு வயசு இருக்கும். நிறுத்திப் பெரிதாக்கினேன். காதோரத் தழும்புகூடத் தெரிந்தது. எனக்கு ஆளைத் தெரியவில்லை.

அண்ணாச்சி மறுபடி போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"பென் டிரைவ்ல ஏத்தித் தரவா அண்ணாச்சி?"

அவர் பதில் சொல்லவில்லை. வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது உம்ம பொட்டியில எத்தனை நாள் இருக்கும்?"

"பதின்மூணு நாள். அப்புறம் தானா அழிஞ்சிரும்."

"அப்ப இருக்கட்டும் வே" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார்.